"டீச்சர், போன்ல டியூஷன் போடலாமுங்களா?"

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கூட்டத்துக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கைபேசியை என்னிடம் நீட்டி, "டீச்சர், பாப்பாவுக்குக் கணக்கு வரவே மாட்டேங்குதுங்க. போன்ல டியூஷன் சொல்லித் தர்றாங்களாமா. இதுல சேர்த்து உட்டுடலாமுங்களா?" என்று கேட்டார். திரையில் ஓராண்டுக் கட்டணம் இருந்தது. அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்.

நம்மில் பலரிடமும் இந்தக் கேள்வி வருகிறது. நான் ஒருமுறை இதற்குத் தவறாகப் பதில் சொன்னவள். சில ஆண்டுகளுக்கு முன் விசைத்தறி ஓட்டும் ஒரு தந்தை இதையே கேட்டபோது, நோட்டுத் திருத்திக்கொண்டே "சேருங்கண்ணா, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி கேட்டதும் அவர் ஓடிபி எண்ணைச் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் கட்டணம் கட்டப்போகிறோம் என்பதுதான் அவர் புரிந்துகொண்டது. தன் பெயரில் கடன் எழுதப்பட்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. பையன் மூன்றாம் மாதமே பார்ப்பதை நிறுத்திவிட்டான், தவணை நிற்கவில்லை. "டீச்சரே சொல்றாங்களேன்னு சேர்த்தேனுங்க" என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை, "ஒரு வாரம் டைம் கொடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவியின் நோட்டை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் அவளோடு உட்கார்ந்தேன். "கணக்கு வரவில்லை" என்பது காய்ச்சல் என்று சொல்வது போலத்தான், என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மருந்து வாங்க முடியாது. பெருக்கல் வாய்ப்பாடு அவளுக்குத் தெரிந்திருந்தது. முழு எண்களில் தடுமாற்றம் இல்லை. பின்னம் வந்த இடத்தில் மட்டும் எல்லாம் குழம்பியது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். ஆக, அவளுடைய சிக்கல் எட்டாம் வகுப்பில் இல்லை, இரண்டு மூன்று வகுப்புகளுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் எந்தச் செயலியில் சேர்த்தாலும் முதலில் கேட்பது "எந்த வகுப்பு?" என்பதுதான். எட்டு என்று சொன்னால் எட்டாம் வகுப்பின் முதல் பாடத்தை எடுத்து வைக்கும். அதை எவ்வளவு அழகான அசைபடமாகக் காட்டினாலும் இந்தக் குழந்தைக்குப் பயனில்லை.

எனவே ஒரு சீட்டில் "வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களின் கூட்டல், கழித்தல்" என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். பெற்றோர் இந்தச் சீட்டோடு போய், "இங்கிருந்து தொடங்குவீர்களா?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். அதை எழுதித் தருவது வகுப்பாசிரியரால்தான் முடியும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது. அந்த 2/5 என்ற விடையைப் பார்த்ததும் அந்தச் சேவை என்ன செய்கிறது?

பி.எட். படிக்கும்போது வகைப்பாட்டியலில் நாம் சந்தித்த பெஞ்சமின் புளூம், 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக ஓர் ஆசிரியரிடம் கற்ற குழந்தைகளில் சராசரியானவர், வழக்கமான வகுப்பில் கற்றவர்களில் 98 விழுக்காட்டினரை விட மேலாகச் செய்தார் என்பது அதன் சாரம். தனிப்பயிற்சியின் பெருமை பேசும்போதெல்லாம் இந்தக் கட்டுரையைத்தான் சுட்டுவார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகக் கிடைக்கவில்லை. 2011இல் கர்ட் வான்லென் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர் தரும் தனிப்பயிற்சியையும் கணினி தரும் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தனிப்பயிற்சியே பெறாதவர்களோடு ஒப்பிட்டால், மனித ஆசிரியரால் கிடைத்த விளைவு அளவு 0.79. குழந்தை போடும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருளுக்கு 0.76. கடைசி விடையை மட்டும் சரி, தவறு என்று சொல்லும் மென்பொருளுக்கு வெறும் 0.31.

இந்த மூன்று எண்களையும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் நமக்கு இவை பெரிய வெளிச்சம். சொல்லித் தருவது மனிதரா இயந்திரமா என்பதைவிட, பார்ப்பது படியையா விடையையா என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2/5 என்றதும் "தவறு, சரியான விடை 5/6" என்று காட்டினால், குழந்தை அந்த 5/6ஐ மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த கணக்கில் அதே தவறைச் செய்யும். படியைப் பார்க்கிறவரோ, "அரை தோசை சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சமும் சாப்பிட்டாய். மொத்தமும் சேர்த்து அரை தோசையை விடக் குறைவாக இருக்குமா?" என்று கேட்பார். 2/5 அரையை விடச் சிறியது என்று குழந்தைக்கே உறைக்கும் இடம் அது.

படியைப் பார்க்க வேண்டுமானால் குழந்தையின் நோட்டைப் பார்த்தாக வேண்டும். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது: "பாப்பா நோட்டுல போட்ட கணக்கை யாராவது பார்ப்பாங்களா? எப்படிப் பார்ப்பாங்க?" நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம், கேமராவை நோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லலாம், திரையிலேயே எழுத வைக்கலாம். ஏதோ ஒரு வழி இருக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் பயிற்சி மட்டும்தான் என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 20 வினாக்களுக்குச் சராசரியாக 5 சரியாகும். கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தை, பொருந்தாத இரண்டைத் தள்ளிவிட்டு 10 வாங்கிவிடும். அந்த வினாத்தாள் எதைச் சோதித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நான் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவளை அறிவியலுக்காக ஓர் இணைய வகுப்பில் சேர்த்தேன். சோதனை வகுப்பு அருமையாக இருந்தது. ஒரே ஆசிரியர், ஒரே மாணவி, கேள்வி மேல் கேள்வி. பணம் கட்டிய பிறகு வந்த ஆசிரியர் வேறு. ஒரு நாள் பக்கத்து அறையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்துப் பார்த்தேன். நாற்பது நிமிட வகுப்பில் என் மகளின் குரல் மூன்று நிமிடம்கூடக் கேட்கவில்லை. அதிலும் பாதி "யெஸ் மேம்". வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "முப்பது நாப்பது பேர் இருப்பாங்கம்மா, யார் முகமும் தெரியாது" என்றாள். பள்ளியில் நம்மிடமும் நாற்பது பேர்தான், ஆனால் அங்கே முகமாவது தெரிகிறது! நானே ஆசிரியராக இருந்தும் எத்தனை பேர் வகுப்பு என்று முன்கூட்டியே கேட்கத் தோன்றவில்லை.

அதிலிருந்து பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சோதனை வகுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழக்கமாக நடக்கும் வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். ஓராண்டுக்குக் கட்டாமல் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. குழந்தை வழக்கமாகத் தவறு செய்யும் மூன்று கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். தவறு நடந்ததும் ஆசிரியர் "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்கிறாரா, "இப்படிப் போடக் கூடாது" என்று தானே போட்டுக் காட்டுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பெற்றோருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, யார் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும்.

பாடத்திட்டத்துக்கு ஒரு சின்ன உத்தி. "தமிழ்நாடு பாடத்திட்டமும் உண்டு" என்று பல விளம்பரங்களில் இருக்கும். உள்ளே போனால் மத்தியப் பாடத்திட்டத்துக்கு எடுத்த காணொலிக்கே வேறு தலைப்பு ஒட்டியிருப்பார்கள். நம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் "தகவல் செயலாக்கம்" என்று ஓர் இயல் வருகிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. தமிழ் வழிக் குழந்தைகளுக்கு மொழியும் பார்க்க வேண்டும். தொகுதி, பகுதி என்று படித்த குழந்தையிடம் நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று மட்டுமே பேசினால், தெரிந்த கணக்கும் தெரியாததாகிவிடும்.

பண விஷயத்தில் நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், தெரியாமல் கடன் பத்திரத்தில் சிக்கிவிடாதீர்கள் என்பவை அதில் அடங்கும். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய நேரடிக் கேள்வி: "இது கட்டணமா, என் பேர்ல கடனா?" கடன் என்றால், நிறுவனத்தில் படிப்பை நிறுத்தினாலும் கடன் தந்தவருக்குத் தவணை கட்டியாக வேண்டும். இணையவழிக் கடனை ஒருவர் அவசரப்பட்டு வாங்கிவிட்டால், தொடக்கத்தில் சில நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி விலகலாம் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்திருக்கிறது. அந்த விசைத்தறித் தந்தை விஷயத்தில் நானும் அவரும் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. "இலவசத் திறனறித் தேர்வு நடத்துகிறோம்" என்று பள்ளிக்கு வந்து, மாணவர் பெயரையும் பெற்றோர் கைபேசி எண்ணையும் படிவத்தில் நிரப்பி வாங்குபவர்கள் உண்டு. அந்த எண்களுக்குத்தான் மாலையில் விற்பனை அழைப்புகள் போகின்றன. 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வகுப்பின் எண் பட்டியலை யாருக்கும் நாம் கொடுக்க வேண்டாம்.

பெற்றோர் சிலர் உரிமையோடு, "அப்ப நீங்களே சொல்லித் தாங்களேன் டீச்சர், பணம் தர்றோம்" என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடை செய்கிறது என்பதை அவர்களிடம் சொல்லிவிடுவேன். அதே காரணத்தால், எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் பரிந்துரைப்பதில்லை. பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், பெயரைச் சொல்வதில்லை.

பணம் செலவழிக்கும் முன் இருப்பதைப் பயன்படுத்தலாம். பாடநூலில் உள்ள கியூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சி, 2023இல் வந்த மணற்கேணி செயலி ஆகியவற்றில் நம் பாடத்திட்டத்துக்கான விளக்கங்கள் தமிழிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாடம் புரியவில்லை, திரும்ப ஒருமுறை கேட்டால் போதும் என்ற நிலையில் உள்ள குழந்தைக்கு இவை தாராளம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: காணொலியால் குழந்தையின் நோட்டைப் பார்க்க முடியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அது அக்கம்பக்கத்தில் கல்லூரி படிக்கும் அக்காவாகவும் இருக்கலாம்.

வீட்டு நிலைமையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாணவி வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைபேசி. அது அம்மாவோடு கம்பெனிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். அவர் காட்டிய வகுப்போ மாலை ஆறு மணிக்கு!

ஒரு வாரம் கழித்து அம்மா வந்தார். சீட்டை வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கே பேசியிருக்கிறார். "நோட்டைப் பாப்பீங்களான்னு கேட்டனுங்க டீச்சர். அதெல்லாம் ஆப்பே பாத்துக்கும்னாங்க. எப்படிப் பாக்கும்னு கேட்டனுங்க. இன்னைக்குச் சேர்ந்தா பாதி விலைன்னாங்க. வெச்சுட்டனுங்க." சிரித்தேன், அவரும் சிரித்தார். இப்போது அவர் தெருவில் இளங்கலை படிக்கும் ஒரு பெண் இரவு எட்டரைக்கு அரை மணி நேரம் அவளோடு உட்காருகிறாள். மதிய உணவு இடைவேளையில் நானும் பத்து நிமிடம் காகிதப் பட்டைகளை மடித்துக் கொடுக்கிறேன்.

சென்ற வாரம் அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 2/3 + 3/4 என்ற கணக்குக்கு முதலில் 5/7 என்று எழுதி, அடித்திருந்தாள். ஓரத்தில் பென்சிலால் "முக்காலை விடக் குறையுது" என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே இரண்டு பட்டைகள் வரைந்து, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, 17/12 என்று போட்டிருந்தாள்.