‘கூப்பிடறேன்னுதானுங்க சொன்னாங்க?’

என் மச்சினர் திருப்பூரில் சின்னதாக ஒரு ஏற்றுமதி யூனிட் நடத்துகிறார். இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பையருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் அனுப்புவது வழக்கம். போன வருடம் சாம்பிள் துணியின் கலரில் பிரச்னை. பையரின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசிய பெண்மணி கடைசியாகச் சொன்ன வாக்கியம் இதுதான்: “வீ மே ஹேவ் டு கால் இட் ஆஃப்.”

மச்சினர் காதில் விழுந்தது ‘மே’யும் ‘கால்’ என்பதும் மட்டும். சரி, கூப்பிடுவார்கள்போல என்று இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் இவரே கூப்பிட்டபோது, பாதி ஆர்டர் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. ‘கால் ஆஃப்’ என்றால் கூப்பிடுவது இல்லை, ரத்து செய்வது. “ரத்து செய்ய வேண்டியிருக்கலாம்” என்று அந்தப் பெண்மணி நாசூக்காக எச்சரித்திருக்கிறார். அன்றைக்கே ‘புது சாம்பிள் அனுப்புகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழு ஆர்டரும் நின்றிருக்கும்.

“கூப்பிடறேன்னுதானுங்க சொன்னாங்க?” என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் இப்படித்தான் நடுவில் இருக்கும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முன்னையும் பின்னையும் விட்டுவிடுகிறோம்.

அந்த வாக்கியத்தில் மூன்று பாகம் இருக்கிறது. முதலில் ‘மே’. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்ற ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது. இலக்கணத்தில் மோடல் வெர்ப் என்பார்கள். ஒரு காரியம் நடக்குமா, நடக்கலாமா, நடந்தே தீர வேண்டுமா என்பதை இவைதான் சொல்லும். நடுவில் ‘கால்’. கடைசியில் ‘ஆஃப்’ என்ற குட்டி வார்த்தை. வினைச்சொல்லோடு இந்தக் குட்டி ஒட்டிக்கொண்டால் அர்த்தமே மாறிவிடும். ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள். இதற்குப் பெயர் ஃப்ரேஸல் வெர்ப்.

இதில் தடுமாறுவது நாம் மட்டும் இல்லை. 1755-ல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுப்பது இந்த ஒட்டு வார்த்தைகள்தான் என்று முன்னுரையில் எழுதிவைத்தார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இது நமக்குப் புதுசே இல்லை. ‘விட்டுக்கொடு’ என்கிறோம். அதில் விடுவதும் இல்லை, கையில் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. அதோடு ‘விட்டுக்கொடுக்கலாம்’, ‘விட்டுக்கொடுக்க வேண்டும்’, ‘விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று வாலையும் சேர்க்கிறோம். ஆங்கிலக்காரர் செய்வதும் இதேதான். வரிசைதான் தலைகீழ். நமக்கு ‘லாம்’, ‘வேண்டும்’ எல்லாம் கடைசியில் வரும். அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். ‘ரத்து செய்ய - வேண்டியிருக்க - லாம்’ என்பதை வாலிலிருந்து படியுங்கள்: ‘மே - ஹேவ் டு - கால் ஆஃப்’. கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறதா?

சிக்கலும் இங்கேதான். நம் காது வாக்கியத்தின் கடைசியில் ‘லாமா, வேண்டுமா’ என்று எதிர்பார்க்கும். ஆங்கிலத்தில் அது ஆரம்பத்திலேயே, அதுவும் வேகமாக, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஓடிவிடும். ‘வில்’ வெறும் ‘ல்’ ஆகிவிடும். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று கேட்கும். (அதைக் கேட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று தப்பாக எழுதும் இங்கிலாந்துக்காரர்களே நிறைய!) ஆனால் ‘கால் இட் ஆஃப்’பில் வரும் ‘ஆஃப்’பை அழுத்திச் சொல்வார்கள். போனில் பேசும்போது அந்தக் கடைசி அழுத்தத்தைக் கவனித்தால் பாதி பிரச்னை தீரும்.

நாம் பேசும்போது வரும் தப்புகள் வேறு வகை. மோடலுக்குப் பின்னால் வினைச்சொல் வெறுமனே வர வேண்டும். ‘ஷி வில் கம் பேக்’தான், ‘வில் கம்ஸ் பேக்’ கிடையாது. ‘மஸ்ட் டு ஃபில் இன்’ கிடையாது, ‘மஸ்ட் ஃபில் இன்’. ‘கேன் ஏபிள் டு’ என்று இரண்டையும் சேர்ப்பது நம் ஊரில் ரொம்பப் பிரபலம். ஏதாவது ஒன்று போதும். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்றவை வந்தால் பெரும்பாலும் நடுவில் உட்காரும்: ‘யூ ஷுட் டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்றால் காதில் கல் மாதிரி இடிக்கும். ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சிலவற்றைப் பிரிக்கவே கூடாது: ‘ஐ கேன் லுக் ஆஃப்டர் ஹிம்’. எது பிரியும், எது பிரியாது என்பதற்குச் சுருக்கு வழி கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. ‘ஐ கேன் கோப் அப் வித் பிரஷர்’ என்று சொல்லாத ஆள் இல்லை. அங்கே ‘அப்’ கூடாது. ‘கோப் வித்’ மட்டும்தான். ‘புட் அப் வித்’, ‘கீப் அப் வித்’ இரண்டிலும் ‘அப்’ இருப்பதால் வந்த வினையாக இருக்கலாம்.

விசா, பேங்க் ஃபாரம் நிரப்பும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘யூ டோன்ட் ஹேவ் டு ஃபில் இன் திஸ் பார்ட்’ என்றால் அந்தப் பகுதியை நிரப்ப அவசியம் இல்லை. நிரப்பினாலும் குற்றம் இல்லை. ‘யூ மஸ்ட் நாட் ஃபில் இன் திஸ் பார்ட்’ என்றால் பேனாவே படக் கூடாது. தமிழில் இரண்டுக்குமே ‘நிரப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறோம். நிரப்பக் கூடாத கட்டத்தில் எழுதிவிட்டு, மறுபடி முதலிலிருந்து வேறு ஃபாரம் எழுதியவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘யூ மைட் த்ரோ அப்’ என்றால் வாந்தி வரக்கூடும் என்று அர்த்தம். எதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ‘யூ ஷுட் கட் டவுன் ஆன் ஷுகர்’ என்றால் சர்க்கரையைக் குறைப்பது நல்லது என்ற அறிவுரை. ‘மஸ்ட் கட் அவுட்’ என்றால் அடியோடு நிறுத்தியே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தங்கும் அம்மா, அப்பாக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மச்சினர் இப்போது போனை வைத்ததும், ‘நான் புரிந்துகொண்டது சரிதானா?’ என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுகிறார். போன வாரம் அதே பையரிடமிருந்து பதில் வந்தது: ‘வீ குட் கோ அஹெட் இன் ஜூன்.’ வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஆர்டர் உறுதி என்று. மச்சினர் மட்டும் ‘குட்’ என்ற வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார்.

“வில்-னு வரட்டுங்க” என்றார். நூலுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.