டிகிரி இருந்தும் வாசலில் தடை!
வேளாண் பொருளாதார மேல்படிப்பில் 4 வருட நிபந்தனை

கோயம்பேடு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறினால் குடும்பத் தலைவிகள் அலறுகிறார்கள். இறங்கினால் விவசாயி தலையில் துண்டு விழுகிறது. ஏன் ஏறுது, ஏன் இறங்குது என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கு ஒரு மேல்படிப்பே உண்டு. அதுதான் வேளாண் பொருளாதாரம்.

“பையன் பி.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சிருக்கான். மேலே இதைப் படிச்சா போச்சு” என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்கவும். சிக்கல் அங்கேதான்!

10+2+4

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுத பிளஸ் டூவுக்குப் பிறகு 4 வருடப் பட்டம் வேண்டும். அதுவும் வேளாண்மை சார்ந்த பட்டமாக இருக்கவேண்டும். பொதுப் பிரிவினருக்கு 60 சதவீத மதிப்பெண், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 50 சதவீதம். 3 வருட பி.ஏ., பி.காம். பட்டம் செல்லாது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். பி.எஸ்சி. வேளாண்மையில் சேரவே பிளஸ் டூவில் அறிவியல் குரூப் வேண்டும். வேளாண்மைத் தொழிற்பிரிவு படித்தவர்களுக்கும் இடம் உண்டு. காமர்ஸ் குரூப்புக்கு வழி இல்லை.

பாதி வேலை கிராமத்தில்

உள்ளே போனாலும் லேசில் பட்டம் கிடைக்காது. 2021-ல் திருத்திய பாடத்திட்டப்படி எம்.எஸ்சி.க்கு மொத்தம் 70 கிரெடிட். முக்கியப் பாடம் 20, துணைப் பாடங்கள் 14, பொதுப் பாடம் 5, கருத்தரங்கம் 1. மீதி 30-ம் ஆய்வுக்கு! கிராமம் கிராமமாகப் போய் விதை, உரம், கூலி, விற்ற விலை என்று விவசாயியிடம் கேட்டு எழுதவேண்டும். புள்ளியியல் தெரியாதவர் தப்ப முடியாது.

வியாபாரப் படிப்பு

வேளாண் வணிக மேலாண்மை இன்னொரு பாதை. ஐதராபாத்தில் மத்திய அரசின் ‘மேனேஜ்’ நிறுவனம் 1996 முதல் நடத்துகிறது. அங்கேயும் 4 வருட வேளாண் பட்டம் கேட்கிறார்கள். கூடவே ‘கேட்’ தேர்வு மதிப்பெண்.

பி.ஏ. முடித்தவர்கள் மனம் உடைய வேண்டாம். எம்.ஏ. பொருளாதாரத்தில் வேளாண் பொருளாதாரத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் அது எம்.எஸ்சி.க்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே விசாரிப்பது நல்லது. 3 வருடம் போன பிறகு விசாரித்தால், போன வருடம் திரும்பாது!