கேழ்வரகு வேரில் குடியிருக்கும் நண்பன்

தருமபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் கேழ்வரகும் சாமையும் மழையை நம்பி விளைகின்றன. செம்மண்ணில் மக்கு குறைவு. மணிச்சத்து இருந்தாலும் மண்ணின் இரும்போடு பிணைந்து கரையாமல் கிடக்கும். வேருக்கு அது எட்டாது.

பயறுகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியத்தைப் பலரும் அறிவோம். கேழ்வரகில் முடிச்சு கிடையாது. அதன் வேரை ஒட்டி வாழ்வது அசோஸ்பைரில்லம். 1970களில் பிரேசிலில் யோஹானா டோபரைனர் செய்த ஆய்வுகளால் பெயர்பெற்ற பாக்டீரியா இது. வேர் கசியவிடும் கரிமப் பொருள்களை உண்டு, காற்றிலுள்ள தழைச்சத்தில் கொஞ்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தருகிறது. இது சுரக்கும் ஆக்சின் வேர்த்தூவிகளையும் பெருக்குகிறது. மானாவாரிக்காரருக்கு இந்த இரண்டாவது உதவிதான் பெரிது என்பேன். வேர் பரந்திருந்தால் மழை தள்ளிப்போனாலும் பயிர் சில நாள் தாங்கும். பாஸ்போபாக்டீரியா என்னும் இன்னொரு நுண்ணுயிரின் வேலை வேறு. அமிலங்களைச் சுரந்து, பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துவிடுகிறது.

இரண்டும் 200 கிராம் பொட்டலங்களாகக் கிடைக்கின்றன. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையென்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் பூச வேண்டும்.

ஆனால் பொட்டலத்தை மட்டும் நம்பி எருக்குழியை மறப்பது பெரும் தவறு. நுண்ணுயிருக்கும் தீனி வேண்டும். அது மக்கிய எருவில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் பரிந்துரைக்கிறது. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால், ஏக்கருக்கு 25 கிலோ ஆகிறது. அது ஒரே பருவத்தில் முழுதும் கிடைத்துவிடாது. அடுத்தடுத்த பருவங்களுக்கும் நீளும். அவ்வளவு எரு சேராத வீட்டார் அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடலாம்.

பெங்களூரில் இதே போன்ற செம்மண்ணில், மானாவாரிக் கேழ்வரகில் 1978 முதல் நீண்டகாலச் சோதனை நடந்துவருகிறது. ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்திகளில் விளைச்சல் நாளடைவில் சரிந்தது. அதோடு தொழு உரமும் சேர்த்த பாத்திகளில் நிலைத்து நின்றது. எனவே, ரசாயன உரத்தை ஒரே ஆண்டில் முழுதாக நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கவில்லை. எருவைக் கூட்டிக்கொண்டே அதைக் குறைப்பதுதான் சரி.

பொட்டலம் வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள். வெயில் படாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர்.