பில்லர்ல இடிச்ச கார்: கிளெய்ம் போடலாமா, கைக்காசு போடலாமா?

இந்த எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. போன மாசம் எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரிவர்ஸ் எடுக்கும்போது காரைப் பில்லர்ல இடிச்சிட்டேன். பின் பம்பர் கிழிஞ்சு போச்சு, பின் கதவுல நெளிசல். கார் அப்பாவோடது. வாங்கி நாலாவது வருஷம் ஓடுது, இதுவரைக்கும் ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை.

திட்டுவார்னு நினைச்சேன். "உனக்கு அடி எதுவும் படலையேம்மா?"ன்னு கேட்டார். அப்புறம், "விடு, கிளெய்ம் போட்டுக்கலாம். இதுக்குத்தானே வருஷா வருஷம் பணம் கட்டுறோம்"னு சொல்லிட்டார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. ஆனா உட்கார்ந்து கணக்குப் போட்டதும் பதில் மாறிடுச்சு.

எஸ்டிமேட்ல எவ்வளவு நம்ம கைக்கு வரும்?

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 17,000 ரூபாய். புது பம்பர் 7,000, பெயின்டிங் 7,500, டிங்கரிங் கூலி 2,500. இது முழுசையும் இன்ஷூரன்ஸ் கொடுக்கும்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

அப்பாவோட பாலிசில ஜீரோ டெப் கிடையாது. அதனால பழசுக்கான தேய்மானத்தைக் கழிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிவு. பம்பர் பிளாஸ்டிக்தானே? 3,500 போச்சு. பெயின்ட் பில்லுல கால் பங்கைப் பொருள் செலவுன்னு எடுத்துக்கிட்டு, அதுல பாதியைக் கழிப்பாங்க. அது ஒரு 940. கூலில கழிவு இல்லை. கடைசியா, எந்த கிளெய்ம்லயும் நாமளே ஏத்துக்க வேண்டிய கட்டாயத் தொகை ஒண்ணு இருக்கு. 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000.

எல்லாம் போக வர்றது சுமார் 11,560. கிளெய்ம் போட்டாலும் கைல இருந்து 5,440 போகுது.

போனஸ் ஒரு வருஷத்துக்கு மட்டும் போறதில்லை

கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது என்சிபி, ஏறிக்கிட்டே வரும். 20, 25, 35, 45, அஞ்சாவது வருஷம் 50 சதவீதம். அதுக்கு மேல ஏறாது. இந்தத் தள்ளுபடி நம்ம காரோட சேதத்துக்கான ஓடி பிரீமியத்துல மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு கிளெய்ம் வாங்கினா இந்தப் படி பூஜ்யத்துக்கு இறங்கிடும். பெரும்பாலான பேர் அடுத்த வருஷ நஷ்டத்தை மட்டும் பார்க்கிறோம். ஆனா மறுபடி மேல ஏற அஞ்சு வருஷம் ஆகுது. அப்பா கணக்கைப் பாருங்க. கிளெய்ம் போடலைன்னா அடுத்தடுத்த ரினியூவல்ல 45, 50, 50, 50, 50. போட்டா 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தை வரிசையா கூட்டுங்க: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். அதாவது ஒரு வருஷ ஓடி பிரீமியத்தைவிட அதிகமா இழக்கிறோம்.

போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி அவரோட ஓடி பிரீமியம் 8,000. அதுல 120 சதவீதம் 9,600. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 11,328. வர்ற 11,560-க்கு இதை விட்டுக்கொடுக்கணும்! கார் பழசாக ஆக அதோட மதிப்பு குறையும், ஓடியும் இறங்கும். அதனால நிஜ இழப்பு கொஞ்சம் குறையலாம். இடையில இன்னொரு விபத்துல கிளெய்ம் போட வேண்டி வந்தா இன்னும் குறையும். சரி, 10,000-னு வெச்சுக்கிட்டேன்.

அடுத்து, வெளில ஒரு டிங்கரிங் பட்டறைல காட்டினேன். பம்பரை மாத்தவே வேண்டாம், ஒட்டி பெயின்ட் அடிச்சுடலாம்னு சொன்னாங்க. கதவையும் சேர்த்து 8,500. கிளெய்ம் போட்டா 5,440-ம் அஞ்சு வருஷத்துல 10,000-ம். போடலைன்னா 8,500-ஓட முடிஞ்சுது.

உங்க கார் முதல் வருஷத்துல இருந்தா இதே கூட்டல் வெறும் 50 சதவீதம்தான் வரும். இழக்கிறதுக்கு பெருசா ஒண்ணும் இல்லை, அதனால சின்ன கிளெய்ம்கூட லாபமா இருக்கலாம். ஏற்கனவே 50 சதவீதத்துல இருக்கிறவங்களுக்கு 125. ஜீரோ டெப் இருந்தா கைக்கு வர்றது கூடும். என்சிபி பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தா, அதோட நிபந்தனைக்குள்ள போனஸ் அப்படியே நிக்கும். பாலிசியை ஒரு தடவை திறந்து பாருங்க.

ஒரு சபலம்

எஸ்டிமேட் கொடுத்தவர் மெதுவா சொன்னார்: "மேடம், முன்னாடி இருக்கிற பழைய கீறலையும் இதுலயே சேர்த்துடலாம். கிளெய்ம் லாபமா ஆயிடும்."

அந்தக் கீறல் வேற நாள்ல, வேற இடத்துல பட்டது. தனித்தனி விபத்துன்னா தனித்தனி கிளெய்ம், ஒவ்வொண்ணுக்கும் தனியா அந்த 1,000 கழிவு. ஒண்ணா சேர்த்து எழுதினா அது பொய். ஃபார்ம்ல கையெழுத்து அப்பாவோடது. சர்வேயர் கண்டுபிடிச்சா மொத்த கிளெய்மும் போகும், இடிச்சது நான், பொய் சொன்ன பேர் அவருக்கு. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எப்போ யோசிக்கவே கூடாது?

பெரிய விபத்து, திருட்டு, வெள்ளம். பில் லட்சத்தைத் தொடும்போது என்சிபி ஒரு பொருட்டே இல்லை, தயங்காம கிளெய்ம் போடுங்க. யாருக்காவது அடிபட்டிருந்தா இந்தக் கணக்குக்கே இடமில்லை. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனி.

சின்ன சேதம்னாலும் இடிச்ச உடனே போட்டோ எடுங்க, ஓரிரு நாள்ல ரெண்டு இடத்துல எஸ்டிமேட் வாங்கி முடிவு பண்ணுங்க. விபத்து நடந்ததும் தாமதிக்காம தெரிவிக்கணும்னு பாலிசிலயே இருக்கு. ஒரு மாசம் யோசிச்சுட்டுப் போனா, தாமதம்தான் முதல் கேள்வியா வரும்.

அப்பாகிட்ட பேப்பரைக் காட்டினேன். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நாள் கட்டின பணம்?"னு கேட்டார். "அது பம்பருக்கு இல்லப்பா, கார் முழுசா போற நாளுக்கு"ன்னு சொன்னேன். சிரிச்சார். பட்டறை பில்லை மட்டும் என்னைத்தான் கட்டச் சொன்னார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போது பில்லரைப் பாருங்க.