மழையையும் சேர்த்துப் போடுங்கள் விடுமுறைக் கணக்கு

டிசம்பர் 24-ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து ரயிலேற நினைக்கும் குடும்பம், அக்டோபர் 25-ஆம் தேதி காலை எட்டு மணிக்கே கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ரயில் முன்பதிவுக்கு 120 நாள் அவகாசம் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகச் சுருங்கிவிட்டது, அதுவும் பயண நாளைச் சேர்க்காமல். தீபாவளி அலுப்பெல்லாம் தீரட்டும், பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்குப் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சுகிறது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்வரை கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நாள். தமிழ்நாட்டின் பாதிக் குடும்பங்கள் அந்தச் சில நாளுக்குள்தான் ஊருக்கும் கோயிலுக்கும் மலைக்கும் கிளம்புகின்றன. அதே நாட்களில் ஐயப்ப பக்தர்கள் மண்டல பூஜைக்கு மலையேறுகிறார்கள். வேளாங்கண்ணி கிறிஸ்துமஸுக்கு நிரம்புகிறது, ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கு நிரம்புகிறது. ‘எங்கே போவது’ என்று வீட்டில் வாரக்கணக்கில் பேசுகிறோம். ‘எந்தத் தேதியில் போவது, எந்தத் தேதியில் திரும்புவது’ என்பதை அதற்கு முன்பே பேசி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திரும்பும் தேதியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜனவரி 4-ஆம் தேதி ஊர் திரும்ப வேண்டுமென்றால் அந்தப் பயணச்சீட்டுக்கான முன்பதிவு நவம்பர் 5-ஆம் தேதி திறக்கும். போகும் சீட்டு எடுத்த மகிழ்ச்சியில் அந்த நாள் கவனம் தப்பிவிடும். கடைசியில் குடும்பம் முழுவதற்கும் ஆம்னி பஸ்ஸில் கேட்ட விலை கொடுத்து வர வேண்டியதுதான். இரண்டு தேதிகளையும் சமையலறை காலண்டரிலேயே வட்டமிட்டு வைப்பது நல்லது.

இன்னொரு முன்வேலையும் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. அதே ஆண்டு அக்டோபரில், பொது முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடங்களும் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே என்று ஆனது; பிறகு அந்த நேரம் இன்னும் நீட்டிக்கப்பட்டது. பண்டிகைக் காலத்தில் முதல் பதினைந்து நிமிடம்தானே எல்லாம்! தட்கலை நம்பி இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு தட்கல் சீட்டில் நான்கு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆறு பேர் கொண்ட குடும்பம் இரண்டு முறை அந்த ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும்.

நள்ளிரவு ரயில்களில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. சென்னையில் 24-ஆம் தேதி இரவு புறப்படும் ரயில் திருச்சிக்கு நள்ளிரவு தாண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஏறுகிறவரின் சீட்டில் 25-ஆம் தேதிதான் இருக்கும். ஆனால் அவர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 24-ஆம் தேதி இரவு. 25-ஆம் தேதி இரவு மூட்டை முடிச்சோடு நடைமேடைக்கு வந்து நிற்கிற குடும்பத்துக்கு அந்த ரயில் முந்தைய இரவே போய்விட்டது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஏறுவதாக இருந்தால், தேதியை வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லட்டும்.

பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை கிடைப்பதும் சீட்டு எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ ஒரே சீட்டில் போனால்தான் அந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்த முடியும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன் என்று ஐவரையும் ஒரே சீட்டில் போட்டால் பாட்டிக்கு மேல்படுக்கை விழுந்தாலும் விழும். தாத்தா பாட்டிக்குத் தனிச் சீட்டு எடுத்தால் பெட்டி மாறிப் போகலாம் என்பது உண்மைதான். மூட்டுவலி உள்ளவர் இரவு முழுக்கத் தவிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிறையாதவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணமில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

இனி மழை. மற்ற மாநிலங்களின் பயணக் குறிப்புகள் டிசம்பரைக் குளிர்காலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தமிழ்நாட்டில் டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் மாதம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட, மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாக மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்துக் கிராம மக்கள்தான் சமைத்துக் கொடுத்துப் பசியாற்றினார்கள். 19-ஆம் தேதி ஹெலிகாப்டரில் உணவு வந்தது, பயணிகளும் மீட்கப்பட்டார்கள்.

இப்படி ஒரு மழை அபூர்வம். அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ரயிலில் சர்க்கரை நோயாளிகள் இருந்திருப்பார்கள், பால்பவுடர் தேவைப்பட்ட கைக்குழந்தைகள் இருந்திருப்பார்கள். டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும் எந்தக் குடும்பமும் இரண்டு நாள் மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைப்பையில் வைக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் காலை வந்து இறங்குவது மாதிரித் திட்டமிடாமல், நடுவில் ஒரு நாள் சும்மா விட்டு வைக்க வேண்டும். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்கக் கூடாது. அதற்காகவே, பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

மலை ரயிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகளையும் 208 வளைவுகளையும் கடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நவம்பர், டிசம்பர் மழையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து, ரயிலை நிறுத்துவது ஆண்டுதோறும் கேள்விப்படும் செய்தி. அதற்கென்றே ஆசை ஆசையாகக் கிளம்பிய பிள்ளைகளிடம் அப்போது சொல்ல ஒரு மாற்று வேண்டும். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அதே ரயில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதிவுக்கு வண்டி எண் தேவை என்பதால் வேன் உரிமையாளரிடம் அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்பது வீண் அவஸ்தை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் போதும்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மழை விட்டு வானம் வெளுத்த இரவுகளில் தலைகுந்தாவின் புல்வெளியில் உறைபனி படிகிறது. விடியற்காலையில் அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்த நேரத்தில் வெளியே அழைத்துப் போகாமல் இருப்பதே மேல்.

மலைக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஏப்ரல், மே மாதங்களில் கால் வைக்க முடியாத சமவெளி ஊர்கள் டிசம்பர் கடைசியில்தான் நடந்து பார்க்க ஏற்றவை. காரைக்குடியை மையமாக வைத்து மூன்று நாள் தங்கலாம். பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. 1687-இல் கட்டப்பட்ட திருமயம் கோட்டையில் பிள்ளைகள் மனம்போல் ஏறி இறங்கலாம். திருப்பத்தூர் பக்கம் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று சுற்றியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைகளில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ வடிவம் மட்டும் நிற்கிறது. அதன் மேல் மணலும் சிமென்டும் சேர்ந்த கலவையைப் பரப்பிச் சமன்செய்கிறார்கள். பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். எந்திரம் ஏதுமில்லை. பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி தந்ததுதான். இதைப் பார்த்த பிள்ளைகள் செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள்.

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் படகுக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. சபரிமலை சென்று திரும்பும் பக்தர்களும் அங்கே வருவார்கள். கடல் உள்வாங்கினாலோ சீற்றம் அதிகமானாலோ படகு நின்றுவிடும்.

வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் ஓட்டுநரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அறை வாடகை மிச்சம் என்று இரவு முழுவதும் ஓட்டச் சொல்லி, விடிந்ததும் கோயில் கோயிலாகச் சுற்ற வைப்பது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். மார்கழி விடியலில் நெடுஞ்சாலையில் பனிமூட்டம் வேறு. பின்னிரவில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் தூக்கம் கண்ணை இழுக்கும் நேரம். இரவில் ஓட்டியவருக்கு மறுநாள் பகலில் படுக்க இடமும் ஆறேழு மணி நேர ஓய்வும் கிடைக்க வேண்டும். விடுதியில் அறை பேசும்போதே ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஓர் அறை போடுங்கள்.