கார் ஷெட் சுவர்ல கம்பி தெரியுதா? உடனே பூசாதீங்க!

இந்த வாரம் கோடிங் இல்ல, கான்கிரீட்.

எங்க வீடு திருமுல்லைவாயில்ல. வீட்டை ஒட்டி அப்பா ஒரு கார் ஷெட் போட்டிருக்கார். செங்கல் சுவர் இல்ல. காலி மனைக்கெல்லாம் ரெடிமேட் காம்பவுண்ட் போடுவாங்களே, அதே கான்கிரீட் போஸ்ட், நடுவுல மேலிருந்து சொருகுற ஸ்லாப். கூரைக்குத் தனியா இரும்பு பைப், தகர ஷீட்.

ரெண்டு வருஷம் முன்னாடி மேல் ஸ்லாப்ல ஒரு விரிசல், பக்கத்துல பழுப்புக் கறை. நான் சிமெண்டும் மணலும் கலந்து பூசி, பெயிண்ட் அடிச்சு, "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டேன். போன மழைக்காலம் முடிஞ்சதும் அந்தப் பூச்சோட சேர்ந்து உள்ளங்கை அளவு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அம்மா தினமும் காலைல ஸ்கூட்டி எடுக்கக் குனியுற இடம் அது. நல்லவேளை, விழுந்தது ராத்திரி. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "பூசுனது யாருப்பா?"

என் தப்பு என்னன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. நான் மூடினது விரிசலை. பிரச்சனை இருந்தது உள்ளே, கம்பியில.

நல்ல கான்கிரீட்டுக்குள்ள பிஹெச் 12, 13 அளவுல இருக்கும். அந்தக் காரத்தன்மை கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். ஆனா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு வருஷக்கணக்குல மெதுவா உள்ள போய் அந்தக் காரத்தைக் குறைச்சுட்டே வரும். பிஹெச் 9 பக்கம் இறங்குனா படலம் போச்சு. அப்புறம் ஈரமும் ஆக்சிஜனும் கிடைச்சா துரு. உப்புத்தண்ணில கலவை போட்டிருந்தா இன்னும் வேகமா நடக்கும். துரு, அது தின்ன இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும்போது கான்கிரீட் வெடிச்சுத்தானே ஆகணும்?

எங்க ஸ்லாப் கனமே 2 இன்ச்தான். கம்பி நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கம் மூடியிருந்த கான்கிரீட் ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல. நம்ம ஐஎஸ் 456 விதிப்படி, வெயில் மழை படாத இடத்துக்கே 20 மில்லிமீட்டர் கவர் வேணும்.

சரி, இந்தத் தடவை என்ன செஞ்சோம்?

முதல்ல எல்லா ஸ்லாப்பையும் சின்னச் சுத்தியலால தட்டிப் பார்த்தோம். "டங்"னு கேட்டா நல்லது. "டொப்"னு கேட்டா உள்ள பிரிஞ்சிருக்கு. அங்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம். அடுத்து, உடைச்ச புது முகத்துல ஃபினாஃப்தலீன் தெளிச்சோம். ஆமா, பிளஸ் டூ லேப்ல பார்த்த அதே திரவம். ரோஸ் நிறம் வந்தா காரம் இருக்கு. நிறமே வரலைன்னா கம்பிக்குப் பாதுகாப்பு இல்ல.

ரெண்டு ஸ்லாப்ல கம்பி பாதி கரைஞ்சிருந்தது. அதுக்கு ரிப்பேரே கிடையாது. மேலிருந்து உருவி எடுத்துட்டுப் புதுசு சொருகியாச்சு. மிச்சம் மூணை மேஸ்திரி சரி பண்ணார்.

கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையுற அளவு கொத்தணும். முன்பக்கம் மட்டும் கொத்துனா பின்பக்கத் துரு அப்படியே இருக்கும். துரு முடியுற இடத்தையும் தாண்டிக் கொத்தணும். ஏன்னா புதுக் கலவையும் பழைய கான்கிரீட்டும் சந்திக்கிற ஓரத்துல கம்பி இன்னும் வேகமா துருப்பிடிக்கலாம். என் பழைய பூச்சைச் சுத்தி நடந்ததும் அதுவாத்தான் இருக்கணும்.

அப்புறம் வயர் பிரஷ் போட்டுக் கம்பி பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு, துரு தடுப்புப் பூச்சு. இது சின்ன விஷயம் இல்ல. காரைக்குடி சிக்ரி மாதிரி ஆராய்ச்சி நிறுவனமே கம்பிக்கான பூச்சு முறைகளை உருவாக்கியிருக்கு. அடுத்து, பழைய கான்கிரீட் மேல ஒட்டுறதுக்கு லேட்டெக்ஸ் கலந்த சிமெண்ட் பால். அது காயறதுக்குள்ள பாலிமர் கலவையை அடுக்கடுக்கா அழுத்தணும். கடைசியா ஈரக் கோணி போட்டு ஏழு நாள் க்யூரிங். மூணாவது நாளே அப்பா கோணியை எடுக்கப் பார்த்தார், விடல.

ஆபீஸ்ல பக் வந்தா, எர்ரர் மெசேஜை மறைச்சுட்டு "ஃபிக்ஸ் பண்ணிட்டேன்"னு சொன்னா மானம் போயிடும். வீட்டுச் சுவர்ல அதையேதான் பண்ணியிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னது சொருகுற ஸ்லாப்புக்கு மட்டும். தூண், பீம், மாடித் தளம்னா நீங்களா உளியைத் தூக்காதீங்க. அது வீட்டையே தாங்குது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, முட்டுக் கொடுத்த பிறகுதான் கொத்தணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு சுத்தியல் எடுத்து உங்க ஷெட்டை மெதுவா தட்டிப் பாருங்க. "டொப்"னு கேட்டா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.