ஈறு நோய்க்கு லேசர் சிகிச்சை: எங்கே உதவும், எங்கே உதவாது?

கத்தி இல்லை, தையல் இல்லை, வலி இல்லை என்று சொல்லும் லேசர் விளம்பரங்களை இப்போது பல் மருத்துவமனை வாசல்களில் பார்க்கிறோம். ஈறில் ரத்தம் கசிபவர்களுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடுபவர்களுக்கும் இது ஆறுதலான செய்திதான். ஆனால் இதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. எனவே லேசர் என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பல்லில் தினமும் கிருமிப் படலம் படிகிறது. சரியாகத் துலக்காத இடங்களில் அது எச்சிலிலுள்ள தாதுக்களுடன் சேர்ந்து இறுகிக் காரையாகிறது. இறுகிய பிறகு பிரஷ்ஷோ மிஸ்வாக்கோ அதைப் பெயர்க்க முடியாது. முதலில் ஈறு சிவந்து வீங்கும், துலக்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கவனிக்காமல் விட்டால் ஈறு பல்லைவிட்டு விலகி, இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். ஆரோக்கியமான ஈறில் இந்த இடைவெளியின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேல் ஆழமாக ஆக, துலக்கிச் சுத்தம் செய்வது நம் கையில் இல்லை. பெரும்பாலும் வலியே இருக்காது. புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகத்தான் தெரியும், அதனால் தாமதமாகவே மருத்துவரிடம் வருகிறார்கள்.

இதற்கு அறுவையில்லாத அடிப்படைச் சிகிச்சை, ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை அகற்றி வேரைச் சுத்தப்படுத்துவது. ஸ்கேலிங், ரூட் பிளானிங் என்பார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் சொல்வதைக் கேட்கலாம். நடப்பது வேறு. எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட பல்லைக் காரைக் கட்டிதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் பல்லிடையில் சந்தும் தெரியும். பழி மட்டும் ஸ்கேலிங் மேல் விழுகிறது!

இனி லேசருக்கு வருவோம். எல்லா லேசரும் ஒன்றல்ல. பல கிளினிக்குகளில் இருப்பது டயோடு லேசர். 810, 940, 980 நானோமீட்டர் என்ற அலைநீளங்களில் வருகிறது. இதன் ஒளியை ரத்தமும் நிறமிகளும் உறிஞ்சிக்கொள்வதால் ஈறுப் பையின் நோயுற்ற உட்தசையை நீக்கவும், கிருமிகளைக் குறைக்கவும், ரத்தத்தை நிறுத்தவும் முடியும். காரையை எடுக்க இதனால் முடியாது. எர்பியம் லேசர் வேறு வகை. 2940 நானோமீட்டர் கொண்ட அதன் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சுவதால் காரையையும் பெயர்க்கும். ஆனால் கருவியின் விலை மிக அதிகம். எந்த லேசரானாலும் அளவு மீறினால் சூட்டினால் வேரும் எலும்பும் பாதிக்கப்படலாம். மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் அதற்குரிய கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

ஸ்கேலிங்குடன் லேசரையும் சேர்த்தால் எவ்வளவு கூடுதல் பயன்? அமெரிக்க ஈறு நோய் மருத்துவர்களின் அகாடமி 2018-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கிடைத்த கூடுதல் பயன் சிறிதளவே என்றது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. ஈறுக்கடியில் சுத்தம் செய்வதோடு லேசரைச் சேர்க்க வேண்டியதில்லை என்றே அது பரிந்துரைக்கிறது. லேசர் வீண் என்று இதற்குப் பொருளல்ல. காரையை எடுக்காமல் லேசர் மட்டும் காட்டுவதுதான் வீண்.

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் குடும்பங்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2022-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இது வழக்கமான ஈறு சிகிச்சையிலேயே கிடைக்கும் பலன்.

லேசர் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: என் ஈறுப் பள்ளங்களின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? காரையை முழுவதும் எடுத்த பிறகுதானே லேசர்? இது எந்த வகை லேசர், அது இல்லாமல் செய்தால் எனக்கு என்ன குறையும்? ஈறு நோய்ப் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவரிடம் இரண்டாவது கருத்தும் கேட்கலாம்.

ஸ்கேலிங் கருவியும் எர்பியம் லேசரும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்பவை. ஆகவே ரமளானில் சிகிச்சை அமைந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், இஃப்தாருக்குப் பின் நேரம் கேட்டு வாங்கிக்கொள்வது வசதி. சிகிச்சை முடிந்து ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் பள்ளங்களை மறுபடி அளந்து பார்ப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டுமே அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.